எழுந்தால் கொலம்பஸ்

ஹபீபுர் ரஹ்மானுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. மனைவி சகினா இதைக் குறையாகச் சொல்வாள். மகள் சிம்ரா கிண்டலாகச் சொல்வாள். அவரையே கேட்டால், "தொழில் அப்டி ஆயிப்போச்சு, இன்னா பண்றது?" என்று தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொள்வார்.

தொழில், சப்ளையர் வேலை. தி.நகர் பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் உள்ள ஒரு பிரியாணிக் கடையில் மீசை முளைக்கும் முன்பே மேஜை துடைக்கச் சேர்ந்தவர். துடைப்பதிலிருந்து தண்ணீர் வைப்பதற்கும், தண்ணீர் வைப்பதிலிருந்து பரிமாறுவதற்கும் உயர்ந்து, அங்கேயே தலை நரைத்துவிட்டது. இடையில் முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது, விறகடுப்பு போய் காஸ் அடுப்பு வந்தது. ஹபீப் பாய் மட்டும் மாறவில்லை.

வாடிக்கைக்காரர் படியேறும்போதே அவருக்கு என்ன வேண்டும் என்பது அடுப்படிக்குப் போய்விடும். பிளைவுட் கடைக்காரருக்குச் சால்னா தனிக் கிண்ணத்தில் வேண்டும். பரோட்டா மேல் ஊற்றினால் முகம் சுருங்கும். வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாளுக்கு பிரியாணியில் முட்டை ஆகாது, சொல்லவும் கூச்சம். அவருடைய தட்டு மேஜைக்கு வரும்போது அதில் முட்டை இருக்காது. ஒரு வக்கீலுக்கு வெங்காயப் பச்சடி இரண்டு தடவை வைக்கலாம். மூன்றாம் தடவை கேட்டால் கொடுக்கக் கூடாது என்று வக்கீலே சொல்லிவைத்திருக்கிறார்; கேட்டுவிட்டுச் சண்டை போடுவதும் அவர்தான்.

இத்தனை பேரின் வாய் ருசியையும் சுமந்த மனிதர் தாம் சாப்பிடுவது அடுப்படி வாசலில். இடது உள்ளங்கையில் தட்டு, முகம் கூடத்தைப் பார்த்து, யாராவது கை தூக்கினால் கடைசிக் கவளத்தை விழுங்கிக்கொண்டே நடை. வீட்டிலும் இதே கதைதான். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக உள்ள வீட்டில், சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு தட்டைக் காலி செய்துவிடுவார். சகினா தனக்குப் போட்டுக்கொண்டு உட்காரும்போது அவர் கை கழுவிக்கொண்டிருப்பார்.

கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். பந்தியில் உட்காருவார். எதிர் வரிசையில் யாருக்கோ தண்ணீர் இல்லை என்பது கண்ணில் பட்டுவிடும். எழுந்து போனவர் திரும்பி வரும்போது அவருடைய இடத்தில் வேறொருவர் பாதி சாப்பிட்டிருப்பார். சிம்ராவின் கல்யாணத்திலேயே, பெண்ணின் தகப்பனார் கையில் பிரியாணி வாளி. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், இவர் யாரென்று தெரியாமல், "நல்லா கவனிச்சேப்பா" என்று சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகிவிட்டார். மருமகன் முதஸ்ஸிர் இன்றைக்கும் பெருநாளுக்குப் பெருநாள் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிம்ரா வயிற்றில் இருந்தபோது சகினாவுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா சொன்னார். ஈரல் நல்லது என்றார். அன்றைக்கே ஹபீப் பாய் கடை மாஸ்டரிடம் சொல்லிவைத்து, வியாழக்கிழமை தோறும் மிளகு போட்டு வறுத்த ஆட்டு ஈரல் ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். சகினா கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். குழந்தை நல்லபடி பிறந்தது. குழந்தை நடந்தது, பள்ளிக்குப் போனது, கல்லூரி முடித்தது, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது, கல்யாணமும் ஆனது. வியாழக்கிழமை ஈரல் நிற்கவில்லை. சகினாவுக்கு அது உயிர் என்று ஹபீப் பாய் நம்பினார். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு பொழுது சாயும் நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவார். திரும்பி வரும்போது பொட்டலம் கட்டிய இலை குப்பைக் கூடையில் துடைத்து வைத்தாற்போல் கிடக்கும். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு நிறைவு.

மாடியில் குடியிருக்கும் மாணிக்கவாசகம், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளிக்கிழமை காலைகளில் படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "பாய், மாஸ்டர் சௌக்கியமா?" என்று விசாரிப்பார். கடைப் பக்கமே வந்திராத மனிதர் மாஸ்டரை ஏன் விசாரிக்கிறார் என்று ஹபீப் பாய்க்குச் சில சமயம் தோன்றும். பெரிய மனிதர், மரியாதைக்குக் கேட்கிறார் என்று விட்டுவிடுவார்.

இந்த டிசம்பர் கடைசியில் கடையின் அடுப்படித் தரையைப் பெயர்த்துப் புதுக் கல் பதிக்க வேண்டி வந்தது. ஒரு வாரம் கடை இல்லை. முதல் நாள் ஹபீப் பாய் வீட்டுக்குள் நடந்தார். இரண்டாம் நாள் சந்துக்குள் நடந்தார். அதற்குள் சிம்ரா, பள்ளி விட்டதும் இவர்கள் வீட்டுக்கே வந்துவிடும் பேத்தி மெஹக்குக்கு விடுமுறை என்பதையும் சேர்த்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். மதியச் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். ஹலால்தானா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டும் வைத்திருந்தாள்.

மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட தெருக்களைச் சுற்றிக்கொண்டு, வாடகைக் கார் அடையாறு தாண்டும் வரையில் ஊர்ந்தது. முன் சீட்டில் முதஸ்ஸிர். பின்னால் மற்றவர்கள், மடியில் மெஹக். திருவான்மியூர் தாண்டியதும் சகினா திடீரென்று சொன்னாள்:

"இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மத்தியானம் சாப்பாட்டுல என் பக்கத்துல ஒக்காரணும். ஆரம்பிச்சதுலேர்ந்து முடிக்கிற வரைக்கும். நடுவுல எழுந்திரிக்கக் கூடாது."

"இன்னா இது, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி."

"சின்னப் புள்ள ஒக்காந்துடும். நீங்கதான் ஒக்கார மாட்டீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு வேளை சோறு என்கூட முழுசா துன்னுருக்கீங்களா? சொல்லுங்க பார்ப்போம்."

ஹபீப் பாய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவருக்கு அப்படி ஒரு வேளை நினைவுக்கு வரவில்லை. சகினாவின் குரலில் விளையாட்டுக் குறைவாக இருந்ததையும் அவர் கவனித்தார். வாடிக்கைக்காரர் மெல்லிய குரலில் கேட்பதைத்தான் முதலில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

"சரி, ஒக்கார்றேன்."

"எழுந்தா?"

முன் சீட்டிலிருந்து முதஸ்ஸிர் திரும்பினான். "எழுந்தா கொலம்பஸ், மாமா. அங்க பெருசா ஒண்ணு வெச்சிருக்கான். அதுல ஏறணும்."

சிம்ரா கை தட்டினாள். சகினா பொங்கிச் சிரித்தாள். அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணம் ஆன புதிதில் இருவரும் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனார்கள். கப்பல் வடிவத்தில் முன்னும் பின்னும் வீசி ஆடும் அந்த ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். மணி அடித்ததும் ஹபீப் பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "இதோ வரேன்" என்று எழுந்து இறங்கிவிட்டார். கப்பல் கிளம்பிவிட்டது. புதுப்பெண் தனியாக ஆகாயத்துக்கும் பூமிக்கும் போய்வந்தாள். கீழே மாப்பிள்ளை அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தாவ அன்னிக்கே வுட்டுட்டு வந்திருக்கணும்மா" என்றாள் சிம்ரா.

"வுட்டுட்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா எனக்கு முன்னால வந்து டீ போட்டுக்கினு நிக்கிறாரு."

பூங்காவில் காலைப் பொழுது நன்றாகவே போனது. அலைக் குளத்தில் மெஹக் தன் தகப்பன் கழுத்தில் தொங்கினாள். சகினா முழங்கால் வரைக்கும்தான் என்று இறங்கி, ஒரு அலை வந்து இடுப்பு வரைக்கும் நனைத்ததும், இனி என்ன என்று கழுத்து வரைக்கும் போய்விட்டாள். மரக்கட்டை போன்ற படகில் சறுக்கி விழும் விளையாட்டில் சிம்ரா போட்ட கூச்சலுக்கு வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹபீப் பாய் எதிலும் ஏறவில்லை. கரையில் நின்று பைகளைப் பார்த்துக்கொண்டார். யார் குளத்திலிருந்து ஏறினாலும் அவர்கள் கை நீட்டுமுன் துண்டு வந்தது. அவரவர் துண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில், தெரியாத குடும்பம் ஒன்றின் துண்டுகளும் அவர் தோளில் இருந்தன.

"நன்னா, உங்களுக்கு இங்கயும் வேலை குடுத்துட்டாங்களா?" என்று மெஹக் கேட்டாள். தாய்வழித் தாத்தாவை அவர்கள் வீட்டில் நன்னா என்பார்கள், பாட்டியை நன்னி.

"இல்ல கண்ணு. சும்மா நிக்கிறேன்."

"ஒக்காருங்களேன்."

"மத்தியானத்துக்கு ஒக்காரணும்ல. சேத்து வெச்சிக்கினு கீறேன்."

சாப்பாட்டுக் கூடம் பெரியது. ஒரு பக்கம் முழுக்க மூடி போட்ட பாத்திரங்கள். வேண்டியதை நாமே போய் எடுத்துக்கொள்ளலாம். கடைக்கோடியில் தோசைக் கல். ஹபீப் பாய் உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் நின்று கூடத்தை அளந்தார். எந்த மேஜை எழப் போகிறது, எந்த மேஜையில் தண்ணீர் தீர்ந்திருக்கிறது, எந்தப் பையன் புதிது என்பதெல்லாம் கண்ணுக்குள் வந்து விழுந்தன. சகினா அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"நீங்க விருந்தாளி."

"சரி சரி."

சுவர் ஓரம் ஒரு மேஜையைச் சிம்ரா பிடித்தாள். மூலை இடத்தில் அத்தாவை உட்காரவைத்தாள். பக்கத்தில் அம்மா, எதிரே முதஸ்ஸிரும் மெஹக்கும். ஹபீப் பாய்க்குச் சிரிப்பு வந்தது. கடையில் ஓடுகிற குழந்தையோடு வரும் குடும்பத்தை அவர் இப்படித்தான் உட்காரவைப்பார்: குழந்தை மூலையில், தாய் வெளிப்பக்கம். மகள் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டு அவரையே அடைத்துவிட்டாள்.

சிம்ரா தட்டுகளில் எடுத்து வந்து வைத்தாள். பிரியாணி, கோழி, பருப்பு, அப்பளம். ஹபீப் பாய் முதல் கவளத்தை வாயில் போட்டார். உட்கார்ந்து பார்த்தால் கூடம் வேறு மாதிரி இருந்தது. மேஜையின் விளிம்பு நெஞ்சுக்கு வந்தது. மனிதர்களின் முகம் தெரியவில்லை, இடுப்பும் கையும்தான் தெரிந்தன. காலை எங்கே வைப்பது என்று புரியாமல் முன்னும் பின்னும் மாற்றினார்.

"ஆட்டாதீங்க. மேஜை ஆடுது" என்றாள் சகினா.

முதல் சோதனை சீக்கிரமே வந்தது. வெளியே போவதற்கென்று அவரிடம் இருந்தது ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும். அந்தக் கூடத்தில் பரிமாறுகிறவர்களுக்கும் அதுவே சீருடை. பக்கத்து மேஜைக்காரர் தலை திருப்பி, இவர் சட்டையைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்றார்.

ஹபீப் பாயின் இரண்டு கைகளும் மேஜையில் ஊன்றிவிட்டன. உடம்பு பாதி எழுந்துவிட்டது. சகினா அவர் சட்டையின் பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் இருக்கையில் வந்து விழுந்தார்.

"எழுந்துட்டாரு!" என்று மெஹக் கத்தினாள்.

"எழுந்திரிக்கல. கொஞ்சம் மேல வந்தேன். அவ்ளோதான்."

"மாமா, பின்பக்கம் நாற்காலிய வுட்டு எழும்பிச்சா இல்லியா?" முதஸ்ஸிர் நீதிபதி போல் கேட்டான்.

"சகினா புடிச்சிக்கினு இருந்தா. எப்டி எழும்பும்?"

"சரி, சந்தேகத்தோட பலன் மாமாவுக்கு."

பக்கத்து மேஜைக்காரருக்கு விஷயம் புரிந்து, "மன்னிச்சிக்குங்க பாய்" என்று கை கூப்பினார். "அட, பரவால்ல சார்" என்ற ஹபீப் பாய், தூரத்தில் ஜாடியோடு நின்ற பையனைப் பார்த்து, இடத்தை விட்டு அசையாமல், "தம்பி, இங்க தண்ணி!" என்று ஒரு குரல் கொடுத்தார். பஸ் நிலையச் சத்தத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போய்ப் பழகிய குரல். கூடமே திரும்பிப் பார்த்தது. ஜாடிப் பையன் ஓடி வந்தான். கூப்பிடுவது கணக்கில் வருமா என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. வராது என்று தீர்ப்பாயிற்று.

அதற்குப் பிறகு அவருக்குக் கொஞ்சம் பழகியது. முதுகு நாற்காலியில் சாய்ந்தது. அப்போதுதான் பாத்திரங்களின் வரிசையில் ஒரு பலகையைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"சிம்ரா, அங்க பாரு. ஈரல் வறுவல் போட்டிருக்கான். அம்மாவுக்கு நெறைய எடுத்துக்கினு வா. நம்ம மாஸ்டர் கை வராது, இருந்தாலும் பரவால்ல."

சிம்ரா எழவில்லை. அம்மாவைப் பார்த்தாள். சகினா அப்பளத்தை உடைத்தாள். முதஸ்ஸிர் தண்ணீர் குடித்தான்.

"இன்னா, எல்லாம் ஊமையாயிட்டீங்க?"

"நன்னிக்கு ஈரல் புடிக்காதே" என்றாள் மெஹக், பிரியாணியிலிருந்து ஏலக்காயைப் பொறுக்கி ஓரம் வைத்தபடி. "மாடி தாத்தாதான் துன்னுவாரு. நான்தான் கொண்டும்போய் குடுப்பேன். அவரு எனக்கு மிட்டாய் குடுப்பாரு."

ஹபீப் பாய் சகினாவைப் பார்த்தார்.

"மாணிக்கவாசகம் சாரா?"

"அவரு வூட்டுல அந்தம்மா முட்ட கூட வுட மாட்டாங்க" என்றாள் சகினா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "படிக்கட்டுலயே நின்னு துன்னுட்டு, வாய் கழுவிக்கினு, இலைய நம்ம கூடையில போட்டுட்டு மேல போவாரு. உங்களை மாதிரிதான், நின்னுக்கினே."

"அதான் மாஸ்டர் சௌக்கியமா, மாஸ்டர் சௌக்கியமான்னு…"

சிம்ராவால் முடியவில்லை. மேஜையில் தலை கவிழ்ந்து குலுங்கினாள். முதஸ்ஸிருக்குப் புரை ஏறியது. ஹபீப் பாயும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் கை தட்டுக்குப் போகவில்லை.

"எத்தினி நாளா?"

"நாளா? இவளப் பெத்த கையோட வுட்டுட்டேன். மொதல்ல பக்கத்து வூட்டு ஹாஜிரா அக்காவுக்குக் குடுத்தேன். அவங்க வீடு மாறிப் போனப்புறம் சார்."

"சொல்லக் கூடாதா சகினா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு மழை. கச்சேரி ரோட்டுல முட்டித் தண்ணி. நீங்க பொட்டலத்த சட்டைக்குள்ள வெச்சிக்கினு, தலையிலேர்ந்து தண்ணி சொட்டச் சொட்ட வந்து நிக்கிறீங்க. பொட்டலம் மட்டும் காஞ்சு கீது. அந்த மூஞ்சியப் பாத்து எப்டி சொல்றது, எனக்கு இந்த எழவு வாசனையே ஆவாதுன்னு?"

ஹபீப் பாய் தலையை ஆட்டினார். பிளைவுட் கடைக்காரரும் வங்கி அம்மாளும் வக்கீலும் அவர் மனதில் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களிடமெல்லாம் அவர் முதல் நாள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. எல்லோரிடமும் கேட்ட கேள்வி. வீட்டில் அதைக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. ஈரல் கொண்டுவந்தார், அது தீர்ந்துகொண்டிருந்தது, கேட்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டார்.

அவர் தம்மையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோளில் இல்லாத துண்டைக் கை சரிசெய்தது.

"சரி. உனக்கு இன்னா வேணும், சொல்லு."

"இதெல்லாம் போதும். நெறையக் கீது."

"இது சிம்ரா எடுத்தது. உனக்கு இன்னா புடிக்கும்னு கேக்குறேன்."

சகினா கூடத்தின் கடைக்கோடியைப் பார்த்தாள்.

"தோச."

"தோசையா?"

"நெய் ஊத்தி, முறுகலா. கல்லுலேர்ந்து எடுத்த ஒடனே. வூட்டுல சுட்டுச் சுட்டு எல்லாருக்கும் போட்டுட்டு, எனக்குன்னு ஒண்ணு ஊத்தி எடுத்துக்கினு ஒக்கார்றதுக்குள்ள தொவண்டு போயிடுது. நீங்க கொண்டார்ற பார்சல் எதுவா இருந்தாலும் ஆறித்தான் வரும். சூடா, மொறுமொறுன்னு, யாராச்சும் கொண்டாந்து எனக்கு முன்னால வெக்கணும்." சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "வயசாயி இது ஒரு ஆசை."

"நான் எடுத்துட்டு வரேம்மா" என்று சிம்ரா எழுந்தாள்.

"நீ இரு. இவ்ளோ தூரம், இவ்ளோ கூட்டம். நீ கொண்டாந்தா ஆறிடும்" என்றார் ஹபீப் பாய்.

நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மூலையிலிருந்து வெளியே வர வழியில்லை. சகினா கால்களை ஒதுக்கிக்கொண்டாள். வயிற்றை எக்கிக்கொண்டு அவர் நழுவி வெளியே வந்தார்.

"மாமா! எழுந்தா கொலம்பஸ்!"

"தெரியும் மாப்ள."

தோசைக் கல் முன்னால் ஒரு சின்ன வரிசை. அவர் அதில் ஒழுங்காக நின்றார். முறை வந்ததும், "தம்பி, ஒரு நெய் ரோஸ்ட். பொடி வேணாம், மசாலா வேணாம். நல்லா செவக்கட்டும்" என்றார். ஓரம் கல்லை விட்டுத் தானாக எழும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். சுருட்டித் தட்டில் வைத்ததும் கிளம்பினார்.

அந்த நடை தனக்காக மட்டும் வருவதைச் சகினா அதுவரை பார்த்ததில்லை. அவர் வேலை செய்யும் கடைக்கு அவள் வந்திருக்கிறாள், குடும்ப அறையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அங்கே அவர் எல்லாருக்காகவும் நடப்பார். இப்போது தட்டு விரல் நுனிகளில் தோள் உயரத்தில் இருந்தது. ஓடிய குழந்தைக்கு ஒதுங்கினார், பின்னால் வந்த நாற்காலிக்கு வளைந்தார், முழங்கால் வலியில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தார். நெய்யின் ஆவி அவருக்கு முன்னால் வந்தது. மேஜையில் தட்டை வைக்கும்போது சட்னிக் கிண்ணம் துளி கூடத் தளும்பவில்லை.

"சாப்புடுங்க" என்றார், பழக்க தோஷத்தில்.

சகினா நுனியை ஒடித்தாள். சத்தம் கேட்டது. வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். இந்தத் தடவை ஈரலுக்கு மூடியது போல் அல்ல.

ஹபீப் பாய் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். சாம்பார் போதுமா என்று பார்ப்பவர் போல.

"ஒக்காருங்கன்னா" என்று வாய் நிறையத் தோசையோடு அதட்டினாள். அவள் மூலைக்கு நகர்ந்துகொண்டாள். அவர் வெளிப்பக்கம் உட்கார்ந்தார். பாதித் தோசையை ஒடித்து அவர் தட்டில் போட்டாள். "சூடா கீது, துன்னுங்க. இதுவும் உங்களுக்கு மறந்துபோயிருக்கும்."

உண்மைதான். அவர் சூட்டைத் தட்டின் அடியில்தான் தெரிந்துவைத்திருந்தார். இருவரும் அந்தத் தோசையைத் தின்றார்கள். பிறகு ஆறிய பிரியாணியையும் தின்றார்கள். பிறகு மெஹக் கொண்டுவந்த ஐஸ்கிரீம் உருகி, கிண்ணத்தில் பாலாக ஆகும் வரை உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து மேஜையில் ஆள் மாறியது. தண்ணீர் தீர்ந்தது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஹபீப் பாயின் கை ஒரு தடவை மேஜையில் ஊன்றியது. பிறகு தானாகவே மடிக்கு வந்துவிட்டது.

கூடத்தை விட்டு வெளியே வரும்போது சகினா தீர்ப்பைச் சொன்னாள். "அது கணக்குல வராது. எனக்காகத்தானே எழுந்தீங்க."

"எழுந்தா எழுந்ததுதான்" என்றார் ஹபீப் பாய். முகம் வெளுத்திருந்தது. "சோறு கொஞ்சம் எறங்கட்டும்."

சோறு இறங்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு தடவை வரிசை வரைக்கும் போய், "டீ ஒண்ணு குடிச்சிட்டு வந்துடலாமே" என்று திரும்பினார்கள். வெயில் மஞ்சளான பிறகு கொலம்பஸில் ஏறினார்கள். நடு வரிசையில், ஹபீப் பாயும் சகினாவும். பின்னால் சிம்ராவும் முதஸ்ஸிரும். மெஹக்குக்கு உயரம் போதாது. அவள் கம்பிக்கு வெளியே, அந்த ராட்டினத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருடைய செருப்புக்கும் காவல் நின்றாள்.

"இப்போ மணி அடிப்பான்" என்றாள் சகினா. "எறங்கிடுவீங்களா?"

இரும்புத் தண்டு ஒன்று மேலிருந்து வந்து மடியை அழுத்திப் பூட்டிக்கொண்டது. ஹபீப் பாய் அதை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார்.

"எங்க எறங்குறது? கட்டிப் போட்டுட்டானே."

மணி அடித்தது. கப்பல் பின்னால் போனது, முன்னால் போனது, இன்னும் உயரமாகப் பின்னால் போனது. ஹபீப் பாய் கண்ணை இறுக மூடி, தெரிந்த குர்ஆன் ஆயத்தையெல்லாம் ஓதினார்; நடுவில் மறந்துபோய் "யா அல்லா, சகினா!" என்று மட்டும் கத்தினார். சகினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணத் தொறங்க! கடல் தெரியுது!"

"தெரியட்டும்!"

"தொறங்கன்னா!"

ஒரு தடவை திறந்தார். சவுக்கு மரங்களுக்கு மேலே நீலமாக ஒரு கோடு தெரிந்தது, உடனே தலைகீழாகச் சரிந்தது. மூடிக்கொண்டார். ஆனாலும் பார்த்துவிட்டார். இறங்கிய பிறகு நேராக ஒரு பெஞ்சுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைய தினம் யாரும் சொல்லாமல் அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

அடுத்த வாரம் கடை திறந்தது. புதுத் தரை வழுக்குகிறது என்று மாஸ்டர் புலம்பினார். வியாழக்கிழமை வழக்கம்போல ஈரல் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். ஹபீப் பாய் வாங்கிக்கொண்டார். அவருக்குக் காலை முறை வேலைதான். பொழுது சாயும்போது வீடு வந்துவிடுவார். அன்றைக்கு வீட்டுக் கதவைத் தட்டாமல் நேராக மாடிக்குப் போனார். படிக்கட்டுத் திருப்பத்தில் மாணிக்கவாசகம் காற்று வாங்குவது போல் நின்றுகொண்டிருந்தார்.

"மாஸ்டர் சௌக்கியமா இருக்காரு சார்" என்று சொல்லிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார்.

மாணிக்கவாசகம் மேலே ஒரு தடவை பார்த்தார், கீழே ஒரு தடவை பார்த்தார். "பாய்… வந்து…" என்றார்.

"உக்காந்து சாப்புடுங்க சார். இந்தப் படியிலயே உக்காருங்க. நின்னுக்கினு துன்னா ஒடம்புல ஒட்டாது."

தொழுகை முடிந்து வந்ததும் சகினாவைக் கூடத்தில் உட்காரவைத்தார். தோசைக் கல்லைச் சமையலறையிலிருந்து எடுத்து வந்து, சின்ன அடுப்பில் வைத்து, அவளுக்கு எதிரே தாமும் ஒரு பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் தோசை சகினாவுக்கு, ஓரம் கல்லை விட்டு எழும்பியதும் விரலாலேயே எடுத்து நேரே தட்டுக்கு. இரண்டாவது அவருக்கு. மூன்றாவதை ஊற்றிவிட்டு, மெஹக்கின் பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சகினா சொல்ல ஆரம்பித்ததும், அதைக் கேட்டுக்கொண்டே தின்றார். கதை சுவாரசியமாக இருந்தது. தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது; சுரண்டி எடுக்கக் கரண்டி சமையலறையிலேயே இருந்துவிட்டது.

"ஏங்க, கருகுது! கரண்டிய எடுத்துக்கினு வாங்க. எழுந்திரிங்க!"

ஹபீப் பாய் தோசையைப் பார்த்தார். நன்றாகவே கருகிக்கொண்டிருந்தது. இன்னொரு வாய் ஒடித்துச் சட்னியில் தோய்த்தார்.

"எழுந்தா கொலம்பஸ்" என்றார்.